நியூ இங்கிலாந்துச் சோலையில் நம் பெயர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் நின்று இடுகாட்டைப் பற்றிப் பேசப் புகுவது முறையோ என உங்களுள் சிலர் எண்ணக்கூடும். தலைப்பைத் தெரிவித்தபோது நம் செயலாளர் அவர்களும் சற்றுத் தயங்கினார். "நல்ல நாளும் அதுவுமாக இந்தத் தலைப்பு ஏனம்மா?" என்று கேட்டார். முதுமக்கள் தாழியையும் நடுகல்லையும் கையறுநிலையையும் பாடுபொருளாகக் கொண்ட புலவர்களின் வழிவந்தவர்கள் நாம். நமக்கு இஃது ஆகாத பொருள் அன்று என்று சொல்லி அவருடைய இசைவைப் பெற்றேன். நான் பேச வந்தது நம் ஊர் இடுகாட்டைப் பற்றி அன்று. அமெரிக்க நாட்டின் வடகிழக்கில், நியூ இங்கிலாந்து என வழங்கும் பகுதியில் உள்ள சோலை இடுகாடுகளைப் பற்றியது. அவற்றுள் ஒன்றில் 'தமிழர்' என்னும் நம் பெயரோடு இணைந்து துயில்கின்ற ஒருவர் இருக்கின்றார். அவரிடம் உங்களை அழைத்துச் செல்வதே என் நோக்கம்.

காடும் சோலையும்

இறந்தோரைப் புதைக்கும் இடத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயர்களை எண்ணிப் பாருங்கள். இடுகாடு, சுடுகாடு, புறங்காடு என எல்லாம் காடுகளே. ஊருக்குப் புறத்தே, கள்ளியும் முள்ளும் மண்டிய, அந்தி சாய்ந்தபின் எவரும் செல்ல அஞ்சுகின்ற இடம் என்பது அப்பெயர்களின் பொருள். ஆயினும் வேறொரு சொல்லும் நம்மிடம் உண்டு. சோழ அரசர்க்கு எழுப்பிய நினைவுக் கோயில்கள் 'பள்ளிப்படை' எனப் பெயர் பெற்றன. பள்ளி என்பது துயிலிடம். கிரேக்க மொழியிலும் இதே எண்ணம் சொல்லாகியுள்ளது. ஆங்கிலத்தில் வழங்கும் 'செமட்டரி' என்னும் சொல்லின் கிரேக்க மூலத்துக்குத் தூங்குமிடம் என்பதே பொருள். சாவை உறக்கமாகக் கண்ட வள்ளுவரை இவ்விடத்தில் நினைவுகூராமல் இருக்க முடியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரத்தாரின் நிலை வேறாக இருந்தது. அவர்களுடைய இடுகாடுகள் ஊர் நடுவே, மாதா கோயில்களை ஒட்டி நெருக்குண்டு கிடந்தன. பலகைக் கற்களில் இறக்கை முளைத்த மண்டையோடுகளைச் செதுக்கி, காண்போரை அச்சுறுத்துவதே அக்கால மரபு. இடம் போதாமையால் ஒரு குழியின்மேல் மற்றொரு குழி தோண்டினர். அங்கிருந்து எழும் காற்று நோயைப் பரப்பும் என்ற அச்சமும் பரவியது. இந்நிலையை மாற்ற முற்பட்டவர் ஜேக்கப் பிகலோ என்னும் மருத்துவர். அவர் செடிநூல் வல்லவரும் ஆவார். 1825ஆம் ஆண்டில் நண்பர் சிலரைத் தம் இல்லத்துக்கு அழைத்து, நகருக்கு வெளியே மரங்கள் அடர்ந்த இடத்தில் ஓர் இடுகாடு அமைப்போம் என்றார். பாரிஸ் மாநகரில் 1804இல் தோன்றிய பேர் லாஷேஸ் இடுகாடு அவர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. 1829இல் அமைந்த மாசசூசெட்ஸ் தோட்டக்கலைச் சங்கம் இப்பணியில் துணை நின்றது. கேம்பிரிட்ஜ் நகர எல்லையில் 72 ஏக்கர் நிலத்தில், 24-9-1831 அன்று, மரங்கள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் மக்கள் அமர்ந்திருக்க, நீதியரசர் ஜோசப் ஸ்டோரி உரையாற்ற, மவுண்ட் ஆபர்ன் என்னும் அந்த இடுகாடு தொடங்கப்பெற்றது.

பெயர் வந்த வகை இலக்கிய அன்பர்கள் சுவைக்கத்தக்கது. அவ்விடத்தில் உலாவி மகிழ்ந்த ஹார்வர்டு மாணவர்கள், கோல்ட்ஸ்மித் 1770இல் வெளியிட்ட பாழ்பட்ட சிற்றூர் பற்றிய நெடும்பாட்டிலிருந்து 'ஆபர்ன்' என்னும் ஊர்ப்பெயரை எடுத்து அக்காட்டுக்குச் சூட்டினர். உயிருள்ள மனிதர் நீங்கிப்போன ஊரின் பெயர், இறந்த மனிதர் குடியேறும் ஊருக்கு வாய்த்தது.

அங்கே நேர்கோட்டுத் தெருக்கள் இல்லை. மேடு பள்ளங்களைத் தழுவி வளைந்து செல்லும் பாதைகளே உண்டு. அவற்றுக்கு மரங்களின் பெயரும் மலர்களின் பெயரும் இட்டனர். இடையிடையே குளங்கள். மக்கள் துக்கம் கொண்டாட மட்டும் அங்கே வரவில்லை. குடும்பத்தோடு உலாவவும், பறவைகளைக் காணவும், காதலர் தனித்துப் பேசவும் வந்தனர். 1836இல் பிலடெல்பியாவில் லாரல் ஹில், 1838இல் புரூக்ளினில் கிரீன்வுட் என அடுத்தடுத்துச் சோலை இடுகாடுகள் எழுந்தன. 1848ஆம் ஆண்டில் லாரல் ஹில்லுக்கு மட்டும் ஒன்பது திங்களில் ஏறத்தாழ 30,000 பேர் வந்தனர் எனத் தோட்டக்கலை அறிஞர் டவுனிங் எழுதினார். இறந்தோரின் தோட்டத்துக்கே மக்கள் இவ்வாறு திரள்வாராயின், உயிரோடு இருப்போர்க்கென ஒரு பொதுப் பூங்கா வேண்டாவோ என்பது அவர் எழுப்பிய வினா. நியூயார்க்கின் புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க் அவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று. அமெரிக்கப் பொதுப் பூங்காவின் தாய் இடுகாடு எனின் மிகையாகாது.

ஒரு கவிஞர் தந்த சொல்

மவுண்ட் ஆபர்னில் துயில்வோர் பட்டியல் நீண்டது. கவிஞர் லாங்பெல்லோ அங்கே இருக்கின்றார். கவிஞர் லவலும் அவர் குடும்பத்தைச் சேர்ந்த பெண்பாற் கவிஞர் ஏமி லவலும் இருக்கின்றனர். அடிமைத்தளையிலிருந்து தப்பி, தன் வரலாற்றை 1861இல் நூலாக வெளியிட்ட ஹேரியட் ஜேக்கப்ஸ் என்னும் கருப்பினப் பெண்மணியும் அங்கேதான் அடக்கமானார். 1850இல் கப்பல் உடைந்து மாண்ட எழுத்தாளர் மார்கரெட் புல்லருக்கு அங்கே ஒரு நினைவுக் கல் உண்டு. கரை ஒதுங்கிய அவருடைய குழந்தையின் உடல் அதன் அருகே உள்ளது. அவருடைய உடலைக் கடல் திருப்பித் தரவில்லை. உடல் இன்றிப் பெயர் மட்டும் தாங்கி நிற்கும் அக்கல்லை நடுகல் மரபு அறிந்த நாம் எளிதில் புரிந்துகொள்வோம்.

இவர்களுள் இருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர். 16-10-1846 அன்று பாஸ்டன் மருத்துவமனையில், ஈதர் ஆவியை நோயாளி முகரச் செய்து, நோவு தெரியாமல் கட்டியை அறுக்கலாம் என்பதை அவர் பலர் முன்னிலையில் மெய்ப்பித்தார். அப்பெருமை தமக்கே உரியது என்று வாழ்நாள் முழுதும் அவரோடு வழக்காடிய ஜாக்சன் என்பவரும் அதே சோலையில்தான் துயில்கின்றார். வழக்கு ஓய்ந்துவிட்டது; மரங்கள் இருவருக்கும் ஒப்ப நிழல் தருகின்றன.

மற்றொருவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். இவர் மருத்துவர், கவிஞரும் கூட. மார்ட்டன் கண்ட புதுநிலைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கிரேக்கத்தில் உணர்வின்மை எனப் பொருள்படும் வேர்களிலிருந்து 'அனஸ்தீசியா' என்னும் சொல்லை எடுத்து, 1846ஆம் ஆண்டிலேயே மார்ட்டனுக்கு மடல் எழுதிப் பரிந்துரைத்தவர் ஹோம்ஸ். இன்று உலகமெங்கும் மருத்துவர் நாவில் வழங்கும் அச்சொல் கவிஞர் ஒருவர் தந்த கொடை. இச்சோலையை நினைத்த பிகலோவும் சொல்லில் ஈடுபாடு கொண்டவரே. 'டெக்னாலஜி' என்னும் சொல்லைத் தம் 1829ஆம் ஆண்டு நூலின் தலைப்பில் அமைத்து, அது பரவுவதற்குத் துணைசெய்தவர் அவர். மருத்துவமும் சொல்லாக்கமும் அக்கால நியூ இங்கிலாந்தில் அயல்வீட்டாராக வாழ்ந்தன. இதனை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

வூஸ்டர் நகரத்துச் சோலை

பாஸ்டனுக்கு மேற்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவில் வூஸ்டர் என்னும் நகர் உள்ளது. மவுண்ட் ஆபர்ன் தோன்றிய ஏழாம் ஆண்டில், 1838இல், அவ்வூராரும் தமக்கென ஒரு சோலை இடுகாடு அமைத்தனர். டேனியல் வால்டோ என்னும் வணிகர் நிலம் வழங்கினார். முன்னாள் ஆளுநர் லெவி லிங்கன் தொடக்கவுரை ஆற்றினார். 'ரூரல் செமட்டரி' என்பதே அதன் பெயர். நாட்டுப்புற இடுகாடு எனலாம்.

தொடக்கவுரை ஆற்றிய லிங்கன் 1868இல் அதே மண்ணில் அடக்கமானார். மற்றோர் ஆளுநரான ஜான் டேவிசும் அங்கே இருக்கின்றார். பத்துத் தொகுதிகளில் அமெரிக்க வரலாற்றை எழுதிய ஜார்ஜ் பேன்கிராப்ட் தாம் பிறந்த ஊரின் மண்ணுக்கே திரும்பி வந்தார். அச்சுத்தொழிலின் முன்னோடியும், பழம்பொருள் ஆய்வுக் கழகத்தை 1812இல் வூஸ்டரில் நிறுவியவருமான ஐசையா தாமஸ் 1831இல் மறைந்தவர். பழைய இடுகாட்டிலிருந்து அவருடைய எச்சங்களை 1878இல் இங்கே கொணர்ந்து வைத்தனர்.

இப்பெரியோரிடையே உடன்பிறந்தார் இருவர் துயில்கின்றனர். மூத்தவர் ஆண்ட்ரூ ஹேஸ்வெல் கிறீன், 1820இல் பிறந்தவர். நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க் ஆணையத்தில் தலைமைப் பொறுப்பேற்று அப்பூங்காவை உருவாக்கியவர். தனித்தனியே கிடந்த ஊர்களை 1898இல் ஒரே மாநகராக இணைக்கவும் காரணமாய் இருந்தவர். 1903இல், ஆள் மாறாட்டத்தால், தம் வீட்டு வாயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இடுகாட்டிலிருந்து பூங்கா பிறந்தது என்றேன். பூங்காவைப் படைத்தவர் இடுகாட்டுச் சோலைக்கே திரும்பினார்.

இளையவர்தான் நாம் தேடி வந்தவர்.

நம்மவரின் மருத்துவர்

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822இல் வூஸ்டரின் கிறீன் ஹில் என்னும் குடும்பப் பண்ணையில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்றார். மார்ட்டன் ஈதரைக் காட்டிய ஆறு திங்களுக்குப் பின், 1847 ஏப்ரலில் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறி, அமெரிக்க மிஷனின் மருத்துவராக அவ்வாண்டு அக்டோபரில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். மானிப்பாய் அவருடைய பணிக்களம் ஆயிற்று. 1847 முதல் 1857 வரையிலும், பின்னர் 1862 முதல் 1873 வரையிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் அம்மண்ணில் பணிபுரிந்தார். அவர் சமயம் பரப்ப வந்தவர். அதனை அவர் என்றும் மறைத்ததில்லை. ஆனால் கிறித்தவர் ஆனோர் உடையிலும் ஒழுகலாற்றிலும் ஐரோப்பியராக மாறுவதை அவர் விரும்பவில்லை; தமிழராகவே இருத்தல் வேண்டும் என்றார்.

தொடக்கத்தில் மாணவர்க்கு ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் கற்ற மருத்துவர் அரசுப் பணியையும் தோட்டங்களில் கிடைக்கும் ஊதியத்தையும் நாடிச் சென்றனர். சிற்றூரில் நோயாளி தனியே கிடந்தார். தமிழில் கற்றவரே தமிழரிடையே தங்குவர் என்ற முடிவுக்கு வந்த கிறீன், 1864இல் தமிழ்வழி மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். ஆங்கிலத்திலும் தமிழிலுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்று மருத்துவர் ஆயினர்.

வகுப்பு தொடங்கினால் போதுமா? நூல் வேண்டும், நூலுக்குச் சொல் வேண்டும். கட்டர் எழுதிய உடல்நூலை 'அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்' எனப் பெயரிட்டுத் தமிழாக்கினார். பிள்ளைப்பேற்று மருத்துவ நூல் 'பிரசவ வைத்தியம்' ஆயிற்று. அறுவை மருத்துவ நூல் 'இரண வைத்தியம்' என வந்தது. மருத்துவ உலகம் இன்றும் போற்றும் கிரே அவர்களின் உடற்கூற்று நூல், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் தமிழ் பேசியது. வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர், 1875இல் வெளிவந்தது. 'மனுஷ சுகரணம்' 1883இல் வந்தது. அப்போது அவர் வூஸ்டருக்குத் திரும்பிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன. பனி மூடிய ஊரில் இருந்துகொண்டு, நோயுற்ற உடலோடு, கடல் கடந்த ஒரு மொழிக்கு உடலியல் எழுதிக்கொண்டிருந்தார். டான்வர்த், சாப்மன் எனப் பெயர் பூண்ட யாழ்ப்பாணத் தமிழ் மாணவர்கள் இப்பணியில் அவருக்குத் தோள் கொடுத்தனர். இவ்வாறு உருவானவை நாலாயிரம் பக்கங்களுக்கு மேல்.

சொல்லாக்கத்துக்கு அவர் கொண்ட நெறி எளியது. முதலில் தமிழில் தேடு. இல்லையேல் வடமொழியில் தேடு. அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இணங்க எழுது. இன்றைய தனித்தமிழ் நோக்கில் குறை காணலாம். ஆனால் வழிகாட்ட அகராதி இல்லாத காலத்தில், பிறமொழியாளர் ஒருவர், படுக்கையில் கிடக்கும் நோயாளியை மனத்தில் வைத்துச் செய்த வேலை இது.

28-5-1884 அன்று கிறீன் ஹில்லில் அவர் மறைந்தார். தம் கல்லில் என்ன பொறிக்கவேண்டும் என்பதை முன்னரே எழுதி வைத்திருந்தார். பெயர்; பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும்; 'தமிழர்க்கு மருத்துவ நற்செய்தியாளர்' என்னும் பொருள்தரும் ஒரு தொடர்; இயேசுவே தமக்கு எல்லாம் என்னும் பற்றுமொழி. அவ்வளவே. ஆளுநரும் வரலாற்றறிஞரும் துயிலும் மண்ணில், தம் வாழ்வின் பயன் இன்னது என்று காட்ட அவர் தேர்ந்தெடுத்த அடையாளம் நம் இனத்தின் பெயர். அக்கல்லை நான் நேரில் கண்டவள் அல்லேன், நூல்வழி அறிந்தவளே. ஆயினும் அச்செய்தியை முதன்முதல் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை.

கையெழுத்து இட்ட நாள்

ஏன் உறக்கம் வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்குச் சில திங்கள் முன்பு என் தாயாருக்கு அறுவை மருத்துவம் நடந்தது. மருத்துவமனையின் பெயர் வேண்டா. எங்கும் அதுதான் நிலை. முதல்நாள் மாலை இசைவுத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினர். மூன்று பக்கம், முழுதும் ஆங்கிலம். என் தாயார் பள்ளியிறுதி வகுப்பைக் கண்டவர் அல்லர். ஆனால் கம்பனில் நூற்றுக்கணக்கான பாடல்களை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். தாளைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

அன்பர்களே, தமிழில் முனைவர் பட்டம் பெற்ற என்னால், இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கின்ற என்னால், அத்தாளில் உள்ளதைத் தமிழில் சொல்ல இயலவில்லை. அனஸ்தீசியா என்னும் சொல் ஒன்றை அடையாளம் கண்டேன். கவிஞர் ஹோம்ஸ் தந்த அதே சொல். அதனால் நேரக்கூடிய இடர்கள் எனப் பத்து வரிகள் இருந்தன. "ஒண்ணுமில்லம்மா, வழக்கமா வாங்குற கையெழுத்துதான்" என்று சொல்லிவிட்டேன். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு முத்து முத்தான எழுத்தில் தமிழில் கையெழுத்து இட்டார். நலமாகத் திரும்பினார், இன்றும் நலமாக இருக்கின்றார். ஆனால் அந்தப் பார்வை என்னை விட்டு நீங்கவில்லை. தம் உடலுக்கு என்ன நேரும் என்று கேட்ட தாய்க்கு நான் பொய் சொன்னேன். பொய் சொல்லக் காரணம், உண்மையைச் சொல்லும் மொழி என்னிடம் ஆயத்தமாக இல்லை என்பதுதான்.

ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் மானிப்பாயில் ஒரு பெண் நோயுற்றிருந்தால், அவளுக்கு என்ன செய்யப் போகிறோம் என்று தமிழிலேயே எடுத்துச் சொல்ல ஒரு மருத்துவன் இருந்தான். அதற்கான நூல் அவன் கையில் இருந்தது. அந்நூலின் பின்னே வூஸ்டர்க்காரர் ஒருவரின் உழைப்பு இருந்தது. 1870இல் கொழும்பில் ஆங்கிலவழி மருத்துவப் பள்ளி எழுந்தது. கிறீன் திரும்பிச் சென்றபின் தமிழ்வழி வகுப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. அங்காதிபாதம், சுகரணம், கெமிஸ்தம் ஆகிய சொற்கள் வழக்கொழிந்தன. பின்வந்த அறிஞர் உடற்கூற்றியல், உடலியங்கியல், வேதியியல் எனச் சிறந்த சொற்களைப் படைத்தனர். அவையும் பாடநூலின் எல்லையைத் தாண்டி, என் தாயாரின் கட்டில் வரையில் வந்து சேரவில்லை.

நம் கடன்

வழக்கிழந்த சொற்களும் ஒருவகை இடுகாடே. அதனை முள் மண்டிய காடாக விடுவதா, சோலையாக்கி உலாவுவதா என்பது நம் கையில் இருக்கின்றது. பாஸ்டன் மருத்துவர் ஒருவர் இறந்தோர்க்காக மரம் நட்டார். அதன் நிழலிலிருந்து உயிருள்ளோர்க்குப் பூங்கா பிறந்தது. கிறீன் குடும்பத்தாரின் பண்ணையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வூஸ்டர் மக்களுக்கே பொதுப் பூங்காவாக வழங்கப்பட்டது. கிறீன் நூல்களில் துயிலும் சொற்களை நாம் சென்று கண்டால், அவற்றுள் சில இன்றும் எழுந்து வரும். எழாதவையும், ஒரு சொல்லை நோயாளிக்காகச் செய்வது எப்படி என்று நமக்குக் கற்பிக்கும்.

இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பதினோராம் ஆண்டில், நம் திங்கள் கூட்டங்களுள் இரண்டையேனும் இதற்கு ஒதுக்குவோம். நம் ஊர் மருத்துவர்களை அழைப்போம். இசைவுத் தாள் ஒன்றை எடுத்து, வரிவரியாக, எழுத்தறிந்த எந்தத் தாயும் தானே படித்து அறியும் தமிழில் எழுதிப் பார்ப்போம். இவ்வேலை இலக்கணம் கற்ற என்னைப் போன்றோரால் மட்டும் ஆகாது. குறைந்த சொல்லில் நிறைந்த பொருளைச் சொல்லவும், ஓசை இடறாமல் சொல்லவும் வல்ல கவிஞர்கள் வேண்டும். மருத்துவத்துக்குச் சொல் தந்த கவிஞர் ஒருவர் மவுண்ட் ஆபர்னில் துயில்கின்றார். அவருக்கு இங்கே தோழர்கள் இல்லாமற் போக வேண்டா.

நம் மொழியைச் செல்வம் என்றும் தெய்வம் என்றும் பாடியிருக்கின்றோம். வூஸ்டர் சோலையில் துயில்பவர் அதனை நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து பேசும் மொழியாகக் கண்டார். அவர் தம் கல்லில் நம் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்தமுறை என் தாயார், "இதுல என்னம்மா எழுதியிருக்கு?" என்று கேட்கும்போது, தாளை அவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே படியுங்கம்மா" என்று நான் சொல்ல வேண்டும். அந்நாள் வந்தால் அக்கல்லுக்கு நாம் பட்ட கடனில் ஒரு பகுதி தீரும்.